மருந்தை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது எப்படி? மருத்துவ, நர்சிங், பார்மசி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், ரத்த அழுத்தத்துக்கு எந்த மருந்தில் தொடங்குவாய் என்று கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு, போதவில்லை என்றால் அடுத்துச் சேர்க்க வேண்டியது என்று எல்லாம் தடையில்லாமல் வரும். பத்து வருடமாக குளோனிடின் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சாப்பிடுகிற ஒருவருக்கு அதை எப்படி நிறுத்துவாய் என்று அவரையே கேளுங்கள். பதில் வராது. அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

எனக்கு இது உறைத்தது பெங்களூரில் ஒரு வார்டில், பல வருடங்களுக்கு முன். கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த ஒரு தாத்தா டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பிக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பையில் பன்னிரண்டு வகை மாத்திரை. என் ஹவுஸ் சர்ஜன் நல்ல மனதோடு, "இவ்வளவு மாத்திரை உங்களுக்கு வேண்டியதில்லை தாத்தா" என்றான். எது, எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. தாத்தா ஊருக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். அதில் திடீரென்று நிறுத்தக் கூடாத இதய மருந்தான மெட்டோப்ரொலாலும் இருந்தது. ஐந்தாம் நாள் நெஞ்சு வலியோடு திரும்பி வந்தார். பிழைத்துக்கொண்டார். அந்த ஹவுஸ் சர்ஜன் நினைத்தது சரி, தாத்தாவுக்கு மருந்து அதிகம்தான். ஆனால் நிறுத்துவதும் ஒரு சிகிச்சை, அதற்கும் அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, மறுபரிசோதனை உண்டு என்பதை நான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆங்கிலத்தில் இதை டிபிரிஸ்கிரைபிங் என்கிறார்கள். 2003-இல் ஆஸ்திரேலிய முதியோர் மருத்துவர் மைக்கேல் உட்வர்ட் தன் கட்டுரையில் பயன்படுத்திய சொல். என் வகுப்பில் 'மருந்துக் குறைப்பு' என்கிறேன். கீழே இருப்பது அந்த வகுப்பை நான் நடத்தும் முறை. ஒரு கல்லூரியில் ஆறு வாரம், வாரம் ஒரு மதியம் கிடைத்தால் போதும்.

தொடங்கும் முன்: யாரை உட்கார வைப்பது

மருத்துவ மாணவர்களை மட்டும் வைத்து நடத்தாதீர்கள். ஒரு குழுவில் ஆறு பேர்: இரண்டு எம்.பி.பி.எஸ்., இரண்டு நர்சிங், இரண்டு பார்ம்.டி. (பார்மசி). இந்தியாவில் பார்ம்.டி. படிப்பு 2008-இல் வந்தது. மருந்துகளின் மோதலை என் மருத்துவ மாணவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். நோயாளி எந்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார் என்பது நர்சிங் மாணவிக்குத்தான் தெரியும். மூவரும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். அணியிலிருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறையில் இருப்பதால், தனியாக நேரம் கேட்டு அலைய வேண்டாம். இரண்டாம் கட்ட மருந்தியல் செய்முறையிலும், மனப்பான்மை–நெறி–உரையாடல் பற்றிய ஏட்காம் வகுப்புகளிலும் இதை நுழைக்கலாம். ஹவுஸ் சர்ஜன்களுக்கு மருத்துவப் பிரிவுப் பணியின்போது நேரடியாக வார்டில்.

படி 1: பையைக் கொட்டச் சொல்லுங்கள்

மருந்துச் சீட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதக் கூடாது. இதுதான் முதல் விதி. நோயாளி வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் பை, பிஸ்கட் டப்பா, எதுவானாலும் சரி. மாணவர்கள் ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்து ஐந்து கேள்வி கேட்க வேண்டும். இது எதற்கு? எப்போதிலிருந்து? யார் கொடுத்தது? உண்மையில் சாப்பிடுகிறீர்களா? சாப்பிடாத நாளில் என்ன ஆகிறது?

நம் ஊரில் இந்தப் படி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரே மருந்து இரண்டு பெயரில் பைக்குள் இருக்கும். மக்கள் மருந்தகத்தில் வாங்கிய, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் ஒன்று, தனியார் கிளினிக் சீட்டில் பிராண்ட் பெயரில் இன்னொன்று. பாட்டிக்கு அவை இரண்டு வேறு மாத்திரைகள், ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். கண் சொட்டு மருந்து, தைலம், சூரணம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, இவற்றை யாரும் 'மருந்து' என்று சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்க வேண்டும்.

பெங்களூரில் மொழி இன்னொரு தடை. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், சீட்டில் ஆங்கிலம். மாணவரோ கேரளத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருப்பார். 'கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, சத்து மாத்திரை, ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை' என்று மக்கள் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கன்னடத்திலும் அது 'மாத்ரே'தான், அந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் உதவும். 'நரம்பு மாத்திரை' என்றால் வைட்டமின் பி12-ஆகவும் இருக்கலாம், நரம்பு வலிக்கான ப்ரீகாபாலினாகவும் இருக்கலாம். அட்டையைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

படி 2: ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம்

பலகையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் மருந்து, வலப்பக்கம் காரணம். காரணம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். யூகித்து நிரப்பக் கூடாது. மாணவர்களுக்கு வெற்றிடம் பொறுக்காது, 'ஆஸ்பிரின், இதயத்துக்கு' என்று உடனே எழுதிவிடுவார்கள். எந்த இதய நோய், எப்போது வந்தது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இனி வரும் படிகளுக்கு ஒரே நோயாளியை வைத்துக்கொள்வோம். பலரைச் சேர்த்து நான் பாடத்துக்காக உருவாக்கிய பாட்டி. வயது 76. தலைசுற்றல், ஒரு மாதத்தில் இரண்டு முறை விழுந்தார், மலச்சிக்கல், மறதி. பையில் இருப்பவை: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி., டெல்மிசார்டன், நீர்மாத்திரையான ஃபுரோசமைடு, சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ஆஸ்பிரின் 75, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், 'கேஸ்'ஸுக்கு ரபெப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்ஸ்யூல், நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில், இரவில் தூக்கத்துக்கு ஆல்பிரசோலம் 0.5, கால்சியம், சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையான அசிக்ளோஃபெனாக். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 6.2 சதவீதம்.

படி 3: அம்புக்குறி வரையுங்கள்

வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் முழுதாகக் கொடுங்கள்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது, அதன் விளைவுக்கு மூன்றாவது எழுதுவது. இந்தச் சங்கிலியை 1990-களில் பவுலா ரோச்சனும் ஜெரி கர்விட்ஸும் விவரித்தார்கள். படித்தால் எளிது, நோயாளியிடம் கண்டுபிடிப்பது கடினம். ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியையும் வேறொரு டாக்டர், வேறொரு வருடத்தில் சேர்த்திருப்பார்.

எந்த மருந்து எந்த ஆண்டில் வந்தது என்று மாணவர்களைக் காலவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியவுடன் சங்கிலி தானாகத் தெரியும். பாட்டிக்கு முதலில் மூட்டு வலி, அதற்கு அசிக்ளோஃபெனாக். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றியது. அம்லோடிபின் 5 பத்தானது. பத்து மி.கி.யில் கணுக்கால் வீங்கியது. வீக்கத்துக்கு ஃபுரோசமைடு. அம்லோடிபினால் வரும் வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல. நுண்குழாய்களில் அழுத்தம் மாறி நீர் கசிவதால் வருவது. ஆகவே நீர்மாத்திரைக்கு வீக்கம் சரியாக வடியாது, பொட்டாசியமும் படுக்கையிலிருந்து எழும்போது இருக்க வேண்டிய அழுத்தமும்தான் குறையும். விளைவு தலைசுற்றல். வலி மாத்திரை, டெல்மிசார்டன், ஃபுரோசமைடு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இரண்டாவது சங்கிலி நம் நாட்டில் அடிக்கடி பார்ப்பது. அசிக்ளோஃபெனாக்கால் வயிறு எரிந்தது, 'கேஸ்' மாத்திரை வந்தது. அந்த கேப்ஸ்யூலுக்குள் லெவோசல்பிரைடு இருக்கிறது. டோபமைனைத் தடுக்கும் மருந்து அது, மாதக்கணக்கில் போனால் முதியவர்களுக்கு நடுக்கமும் விறைப்பும் தரும். பாட்டிக்குக் கை நடுங்கியது. பார்க்கின்சன் என்று நினைத்து டிரைஹெக்சிபெனிடில். அது அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் மலச்சிக்கல், வாய் வறட்சி, மறதி. தலைசுற்றலுக்குத் தாராளமாக எழுதப்படும் சின்னாரிசைன், ஃப்ளூனாரிசைன், புரோகுளோர்பெரசைன் ஆகியவையும் இதே நடுக்கத்தைத் தரக்கூடியவை. நம் ஊரில் முதியவர் ஒருவருக்குப் புதிதாகக் கை நடுங்கினால், முதலில் பையைப் பார்க்க மாணவர் பழக வேண்டும். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும், 1991-இல் மார்க் பியர்ஸ் தொடங்கிய பியர்ஸ் பட்டியலும், எதை நிறுத்தலாம், எதைத் தொடங்கலாம் என்று சொல்லும், அயர்லாந்திலிருந்து 2008-இல் வந்த ஸ்டாப்–ஸ்டார்ட் அளவுகோல்களும் நல்ல துணை. மாணவர்கள் கையில் கொடுங்கள். ஆனால் பியர்ஸ் பட்டியல் அமெரிக்காவுக்காக எழுதப்பட்டது. அங்கே விற்பனையில் இல்லாத லெவோசல்பிரைடை அதில் தேடினால் கிடைக்காது. கூட்டு மாத்திரைகளும் அப்படித்தான். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடைசெய்த பிறகும் நம் கடைகளில் கூட்டுகள் ஏராளம். ஒன்றை நிறுத்த வேண்டுமானால் முழு மாத்திரையையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

படி 4: ஆளைப் பாருங்கள்

சிறுநீரகம் எப்படி, கல்லீரல் எப்படி, தனியாக இருக்கிறாரா, எதை விரும்புகிறார். பாட்டியிடம் கேட்டால், "கோயிலுக்கு விழாம நடந்து போகணும், அது போதும்" என்பார். அந்த ஒரு வாக்கியம் முன்னுரிமையை மாற்றிவிடும். அவருக்கு ஹெச்.பி.ஏ.1சி 6.2 பெருமைப்பட வேண்டிய எண் அல்ல, ஆபத்தான எண். தளர்ந்த முதியவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. கிளிமிபிரைடால் சர்க்கரை இறங்கித்தான் அவர் விழுகிறாரோ என்று மாணவர் கேட்க வேண்டும்.

படி 5: திடீரென்று நிறுத்தக் கூடாதவை

தாத்தாவின் கதையை இங்கே சொல்வேன். இந்தப் படியில் தேறாத மாணவர் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஆல்பிரசோலம், குளோனசெபாம் வகையை ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைப்பது, கடைசிக் கட்டத்தில் இன்னும் மெல்லக் குறைப்பது என்பது மருந்துக் குறைப்பு வழிகாட்டிகள் எழுதும் கனடாக் குழுவின் வழிமுறை. பாட்டியின் 0.5 மி.கி.யை 0.25 மாத்திரைகளாக மாற்றி ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்கலாம். மெட்டோப்ரொலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பான்களை நிறுத்தியதும் நெஞ்சு வலியும் வேக இதயத்துடிப்பும் திரும்பலாம். குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும், திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மருந்துகள், லெவோடோபா, பேக்லோஃபென், டிரமடால், மனச்சோர்வு மருந்துகளில் குறிப்பாக பராக்சிடின், எல்லாமே படிப்படியாகத்தான். டிரைஹெக்சிபெனிடிலும் அப்படியே.

இன்னொரு வகை உண்டு. மெல்லக் குறைத்தாலும் கேட்காமல் தொடக் கூடாதவை. ரத்தம் கட்டாமல் தடுப்பவை: புதிதாக ஸ்டென்ட் வைத்தவரின் குளோபிடோக்ரல், செயற்கை வால்வு உள்ளவரின் வார்ஃபரின். இவற்றை ஒரு நாள் விட்டாலும் ஆபத்து.

மாறாக, வலி மாத்திரை, தேவையில்லாத வைட்டமின், கால்சியம் போன்றவற்றைப் பொதுவாக உடனே நிறுத்தலாம். இடைப்பட்டது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. நிறுத்தியதும் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரந்து எரிச்சல் வரும். 'பார்த்தாயா, எனக்கு இது வேண்டும்தான்' என்று நோயாளி மறுபடி தொடங்கிவிடுவார். இந்த எரிச்சல் வரும், போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

படி 6: வரிசை

ஒரு நேரத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று தெரியாது.

முதலில் எது? அதிகம் கெடுப்பது, சங்கிலியின் வேரில் இருப்பது. பாட்டிக்கு அசிக்ளோஃபெனாக். வலிக்குப் பாராசிட்டமால், ஒத்தடம், முழங்கால் பயிற்சி. அதே வாரத்தில் கிளிமிபிரைடை எடுத்துவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தனி மாத்திரையாக எழுதலாம். இரண்டும் காத்திருக்க முடியாதவை. அடுத்து லெவோசல்பிரைடு இல்லாத தனி ரபெப்ரசோல். அதற்குப் பிறகு அம்லோடிபினைக் குறைப்பது, இதயச் செயலிழப்பு இல்லை என்று உறுதிசெய்து ஃபுரோசமைடை நிறுத்துவது.

ஆஸ்பிரின் பற்றி மாணவர்கள் சண்டை போடட்டும், நல்லதுதான். 2018-இல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் 19,114 ஆரோக்கியமான முதியவர்கள் இருந்தார்கள். இதய நோய் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரின் நன்மை தரவில்லை, ரத்தக்கசிவைக் கூட்டியது. பாட்டிக்கு அதை விடலாம். ஆனால் ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும்போது ரபெப்ரசோலை முதலில் நிறுத்தினால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மருந்து தேவையற்றது என்ற முடிவு சரியாக இருந்தும் வரிசை தவறினால் கேடுதான். நடுக்கம் தணிய வாரங்களோ மாதங்களோ ஆகும், ஆகவே டிரைஹெக்சிபெனிடில் பின்னால். ஆல்பிரசோலம் கடைசியில், பாட்டிக்கு நம் மேல் நம்பிக்கை வந்த பிறகு. அடோர்வாஸ்டாடின் இருக்கட்டும், சர்க்கரை உள்ளவருக்கு அதன் பயன் இன்னும் இருக்கிறது.

படி 7: பேசிப் பழகுதல்

நடிப்புப் பயிற்சி. வீட்டில் தமிழ் பேசும் நர்சிங் மாணவி ஒருத்தி பாட்டியாக உட்காரட்டும். இப்படித்தான் தொடங்கும்:

"பாட்டி, இந்த கேஸ் மாத்திரையைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

"அது இல்லன்னா எனக்குச் சோறு இறங்காது கண்ணு. பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தது. நீ நேத்து வந்த பிள்ளை."

இந்த இடத்தில் மாணவர்கள் ஆய்வு முடிவுகளைச் சொல்லத் தொடங்குவார்கள். நிறுத்துங்கள். "அப்போ உங்களுக்கு இது தேவைப்பட்டுச்சு பாட்டி, டாக்டர் சரியாத்தான் கொடுத்தாரு. இப்போ உடம்பு மாறியிருக்கு, மாத்திரையும் மாறணும்" என்று சொல்லிப் பழகச் சொல்லுங்கள். எழுதிய டாக்டரைக் குறைசொல்லும் ஒரு சொல்கூட வரக் கூடாது. 'இது வேஸ்ட்', 'தேவையே இல்லாதது' என்றால், இவ்வளவு நாள் ஏமாந்தோமா என்ற வலிதான் மிஞ்சும்.

இதைவிட ஆழமான பயம் ஒன்று உண்டு. "வயசாயிடுச்சுன்னு கைவிட்டுட்டீங்களா?" சில பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்பார்கள், பலர் கேட்காமல் மகனைப் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியை நடிப்பில் கட்டாயம் வையுங்கள். பதிலில் அடுத்த சந்திப்பின் தேதி இருக்க வேண்டும்: "இல்ல பாட்டி, ரெண்டு வாரத்துல நானே பார்க்கிறேன். சரிப்படலன்னா திரும்பத் தொடங்கலாம்." திரும்பத் தொடங்கலாம் என்ற வாக்குறுதி இருந்தால்தான் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

எழுத்தில் கொடுப்பதும் உதவும். கியூபெக்கில் நடந்த எம்பவர் ஆய்வில் (2014), தூக்க மாத்திரையின் ஆபத்தையும் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் ஒரு சிறு கையேட்டை முதியவர்களிடம் நேரடியாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம். தமிழிலும் கன்னடத்திலும் அப்படி ஒரு பக்கம் தயாரிப்பதையே என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன்.

படி 8: மேலே இருப்பவரிடம் சொல்வது, எழுதி வைப்பது

மாணவருக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பரிந்துரைக்கும் கடமை உண்டு. யூனிட் தலைவரிடம் நான்கே வரி: எந்த நோயாளி, எந்த மருந்து, என்ன சந்தேகம், என்ன திட்டம். 'சார், பாட்டியின் நடுக்கம் லெவோசல்பிரைடு தொடங்கி நான்கு மாதத்தில் வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆறு வாரம் பார்க்கலாமா?' குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாக வந்தால் பெரும்பாலான மூத்தவர்கள் காது கொடுப்பார்கள். மருந்தை முதலில் எழுதிய நிபுணருக்குத் தொலைபேசியில் கேட்பதையும் பழக்குங்கள், குறிப்பாக இதயம், வலிப்பு, மனநல மருந்துகளுக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நிறுத்தப்பட்டவை' என்று தனிப் பெட்டி போடச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், ஏன், எந்தத் தேதியிலிருந்து, எப்படிக் குறைக்க வேண்டும், என்ன நேர்ந்தால் உடனே வர வேண்டும். இது இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் விட்டுப்போன மருந்து என்று நினைத்து மறுபடி எழுதிவிடுவார்கள். வீட்டிலிருக்கும் பழைய அட்டைகளையும் எடுத்துவிட வேண்டும், மகளிடமோ மருமகளிடமோ சொல்லி.

படி 9: பிறகு

இரண்டு வாரத்தில் ஒரு சந்திப்போ தொலைபேசியோ. அழுத்தம் (உட்கார்ந்தும் நின்றும்), சர்க்கரை, எடை, தூக்கம், நடை. மாணவர் பிரித்துப் பார்க்க வேண்டியது மூன்று: பழைய நோய் திரும்பியதா, மருந்தை விட்டதால் வரும் தற்காலிகத் தொல்லையா, தொடர்பே இல்லாத வேறொன்றா. விட்ட சில நாட்களில் வந்து வாரங்களில் தணிந்தால் பெரும்பாலும் இரண்டாவது. நிறுத்தப் பரிந்துரைத்த மாணவரே இந்த அழைப்பைச் செய்ய வேண்டும், வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது.

படி 10: தேர்வு

எழுத்துத் தேர்வில் இதை அளக்க முடியாது. நிலையம் நிலையமாகச் சென்று செய்துகாட்டும் ஓ.எஸ்.சி.இ. செய்முறைத் தேர்வு முறையில் மூன்று நிலையங்கள் வைக்கிறேன், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். முதலாவதில் ஒரு பை மருந்து, பட்டியலும் சங்கிலியும் வரைய வேண்டும். இரண்டாவதில் தூக்க மாத்திரையை விட மறுக்கும் பாட்டி. அவர் சம்மதிக்க வேண்டிய கட்டாயமில்லை, வற்புறுத்தாமல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாலே முழு மதிப்பெண்.

மூன்றாவதில் நான்கு மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர். ஆறு மாத்திரை. "இத்தனை எதுக்கு டாக்டர், பாதியைக் குறைச்சிடுங்களேன்" என்று கெஞ்சுவார். ஆறும் தேவையானவை. ஒவ்வொன்றும் எதற்கு என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, ஒன்றையும் நிறுத்தாமல் அனுப்புகிறவர்தான் தேறுவார். ஆறு வாரம் மருந்துக் குறைப்பு கேட்ட உற்சாகத்தில் குளோபிடோக்ரலைத் தொட்டவர் படி 5-க்குத் திரும்பிப் போக வேண்டும்.